பாட்டு வியாபாரமும் படுவான்கரை அண்ணாவியாரும்



சென்ற முறை விபுலாநந்த அடிகளைப் பற்றிப் பேசினோம். காரைதீவிற் பிறந்த அந்த மனிதர் சிலப்பதிகாரத்து வரிகளைக் கொண்டு, மறைந்துபோன யாழின் நரம்புகளை ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டு, 1947இல் ‘யாழ் நூல்’ தந்ததைச் சொன்னேன். அதைக் கேட்ட ஒருவர் களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருந்தார்: “பழைய இசை கிடக்கட்டும். இந்தப் பாட்டு வியாபாரம் இனி எங்கே போகப் போகிறது? அதைச் சொல்லும்.”

சோதிடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதற்கு அத்தாட்சியும் உண்டு. எண்பதுகளில் மட்டக்களப்பு நகரில் ஒரு றெக்கோடிங் கடையில் வேலை பார்த்தேன். கொப்பித்தாளில் பாட்டுகளின் பெயரை எழுதி, வெறுங் கசற்றையும் தந்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடக் கசற் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. பதிந்து வைத்திருப்போம், பின்னேரம் வந்து எடுப்பார்கள். பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அந்தக் காசில் ஒரு சதமும் போகவில்லை. போகவேண்டும் என்று நாங்கள் நினைத்ததுமில்லை. இறுவட்டு தலைகாட்டியபோது, “இது பணக்காரர் சாமான், கசற்றை அசைக்க ஏலாது” என்று முதலாளிக்குச் சொன்னவன் நான்தான். என் பேச்சை நம்பி அவர் வாங்கி அடுக்கிய கசற்றுகளில் பாதி கடைசிவரை விலைப்படவில்லை.

பெரியவர்களும் இதிற் சறுக்கியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த எடிசன், மறு ஆண்டு அதன் பயன்களை வரிசைப்படுத்தியபோது முதலில் வைத்தது கடிதம் சொல்லி எழுதுவிப்பதை. இசை பின்னால்தான் வந்தது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்களை ஒதுக்கினார். சனங்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்புவார்கள் என்பது கணக்கு. சனங்களோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். ஐந்தாண்டில் ‘விவித் பாரதி’யைத் தொடங்கி அங்கேயும் திரைப்பாட்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கருவியையும் கொள்கையையும் பார்த்தவர்கள், ஆட்கள் எதற்காக நேரமும் காசும் கொடுக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நான் விட்ட பிழையும் அதுதான்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் காசு பிரதிக்குக் கொடுக்கப்பட்டது. தட்டு, கசற், இறுவட்டு எல்லாம் பிரதிதான். 1999இல் நப்ஸ்டர் வந்து பிரதியை இலவசமாக்கிற்று. கம்பனிகளின் வருமானம் பதினைந்து ஆண்டுகள் சரிந்து, மாதச் சந்தா வந்த பிறகே நிமிர்ந்தது. 2021இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி 2002இலேயே, இசை குழாய்த் தண்ணீர் போல ஆகிவிடும், மேடையேறிப் பாடுவதுதான் கலைஞனுக்கு மிஞ்சும் என்று சொல்லியிருந்தார். அவர் கணிப்புப் பலித்தது. ஆனால் குழாய்த் தண்ணீரில் இலாபம் கிணற்றுக்காரனுக்கு. 2020இல் பொப் டிலன் தன் பாட்டுகளின் உரிமையை விற்றதும், மறு ஆண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் விற்றதும் அதனால்தான்.

அடுத்த கிணறு எது? குரல் என்று நினைக்கிறேன். 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ. ஆர். ரகுமான் கணினியால் உண்டாக்கிப் பாடவைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றுப் பணமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அது முறை. கேட்காமல் எடுப்பவர்கள்தான் தொகையாக இருப்பார்கள். (எங்கள் வாவியின் பாடும் மீன்களிடம் மட்டும் எவரும் இன்னும் ஒப்பந்தம் கேட்கவில்லை.)

இங்கேதான் கூத்து நினைவுக்கு வருகிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில் ஒரு கூத்துப் பழகும் ஒழுங்கு உங்களிற் பலருக்குத் தெரியும். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல். மாதக்கணக்கான உழைப்பு. அண்ணாவியாருக்கு ஊரார் வேட்டியும் சால்வையும் காசும் வைத்துக் கொடுப்பார்கள். இதில் விற்கப் பிரதி என்று ஒன்றுமே இல்லை. கூடியிருந்த இரவுக்குத்தான் மரியாதை. போவி 2002இற் சொன்ன வியாபாரத்தை எங்கள் சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாவிமார் அதில் வசதியாக வாழ்ந்தார்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன். பலர் பகலில் வயலில் நின்றவர்கள்.

1984இல் அப்படி ஒரு அண்ணாவியாரை, மண்முனைப் பாதையில் ஏறி அக்கரை போய், பற்றரியில் ஓடும் றெக்கோடரில் பதிந்தேன். மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் பாடினார். முடிவில், “மனே, இத ஆருக்கும் போட்டுக் காட்டு. வித்துப்போடாத” என்றார். அவர் இப்போது இல்லை.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் அந்தக் கசற்றைக் கேட்டார். கணினிக்குக் கூத்துப் பாடப் பழக்கப் போகிறாராம். தொகையும் சொன்னார், சின்னத் தொகையல்ல. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 24ஆவது பிரிவில், நாட்டார் கலைகளை வியாபாரத்துக்காகப் பிரதிபண்ணுவதற்கு எதிராகப் பாதுகாப்புத் தருகிறது. அதனாற் சேரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறது. நல்ல விடயம். ஆனால் பாடிக்கொடுத்த ஊருக்கு அதில் என்ன வரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே அந்த ஊருக்கே போனேன். 2014இற் பாலம் திறந்ததோடு மண்முனையிற் பாதைக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. அண்ணாவியாரின் மகள் கசற்றை முழுவதும் கேட்டுவிட்டு, கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அப்பாட குரல் எங்களுக்குச் சொந்தம் எண்டு சொல்லலாம் அண்ணன். பாட்டு ஊருடது. கோயில்ல கூட்டம் வச்சுக் கேட்டுத்தான் சொல்லணும்.”

கூட்டம் சடங்கு முடிந்த பிறகாம். கசற் என் அலுமாரியில் இருக்கிறது.