ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடுமா? ஹைவே பைக் டியூனிங்கில் எது உண்மை?

சென்னை – திருச்சி என்று பைக்கிலேயே போய் வருகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் இதை எங்காவது கேட்டிருப்பீர்கள்: "முன்னாடி ஸ்பிராக்கெட்ல ஒரு பல் ஏத்திடலாம் தம்பி, டைமிங்கையும் லேசா அட்வான்ஸ் பண்ணிடலாம். ஹைவேல மைலேஜ் அள்ளும்."

இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதிதான் வில்லங்கம்.

முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, முன் ஸ்பிராக்கெட் 3 முறை சுற்ற வேண்டும். 15 பல் போட்டால் 2.8 முறை போதும். 80 கி.மீ. வேகத்தில் 6,000 ஆர்பிஎம்மில் ஓடிய இன்ஜின், இனி 5,600-ல் ஓடும். உராய்வு குறையும். அதே வேகத்துக்கு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்க வேண்டியிருக்கும். விநோதமாகத் தோன்றினாலும் அதுவும் லாபம்தான். பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்க இன்ஜின் படும் பாடு குறைகிறது.

ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்து, எதிர்க்காற்றும் அடித்தால், சின்ன இன்ஜின் டாப் கியரில் திணறும். நாலாவது கியருக்கு இறங்கினால் கிடைத்த லாபம் போச்சு. சிட்டி சிக்னலில் பிக்கப்பும் மந்தமாகும்.

இப்போது டைமிங். பெட்ரோல் எரிய நேரம் ஆகும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். லேசான ஆக்ஸிலரேட்டரில் சீராகப் போகும்போது உள்ளே கலவை அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும். பொறி இன்னும் முன்னதாக வேண்டும். பழைய புல்லட்டில் பாயின்ட் தேய்ந்தால் டைமிங் நகர்ந்துவிடும். பாயின்ட் நடுவே மெல்லிய சிகரெட் தாளைச் செருகி, அது நழுவும் இடத்தைப் பார்த்து டைமிங் வைப்பார்கள். அந்த வண்டிகளில் டைமிங்கைச் சரிசெய்தால் மைலேஜ் நிஜமாகவே திரும்பி வரும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகான பெட்ரோல் இன்ஜெக்ஷன் பைக்குகளில் இந்தக் கணக்கை இசியு போடுகிறது. அதற்கு மேல் அட்வான்ஸ் செய்தால் நாக்கிங் வரும். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ஹைவேயில் ஹெல்மெட்டும் காற்றிரைச்சலும் சேர்ந்து அந்த 'டிக் டிக்' சத்தத்தைக் காதில் விழவிடாது. பெரிய ஸ்பிராக்கெட் போட்ட வண்டி குறைந்த ஆர்பிஎம்மில் திணறும்போது நாக்கிங் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் மோசமான யோசனை.

சரி, லாபம் எவ்வளவு? 330 கி.மீ. பயணம், லிட்டருக்கு 45 கி.மீ. என்றால் செலவு சுமார் 7.3 லிட்டர். 5 சதவீதம் மிச்சமானாலும், லிட்டர் ₹100 என்ற கணக்கில் ஒரு வழிக்கு ₹37. அதற்காக வாரன்ட்டியைப் பணயம் வைக்கலாமா?

70-லிருந்து 80-க்கு ஏறினாலே காற்றின் எதிர்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. 70-லேயே போனால் திருச்சிக்குக் கூடுதலாக ஆவது 35 நிமிடம்.

அப்படியும் ஸ்பிராக்கெட் மாற்றித்தான் பார்ப்பேன் என்றால், ஸ்பீடோமீட்டர் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால் இனி மீட்டர் வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக் காட்டும். 75 என்று நினைத்து 80-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். மைலேஜும் குறைந்த மாதிரி தெரியும். டேங்க் ஃபுல் செய்து, தூரத்தை மொபைல் மேப்பில் பார்த்து, மறுபடி ஃபுல் செய்து கணக்குப் போடுங்கள்.