சோலார் பேனலும் ஒரு வாத்தியாரும்



நம்ம ஊர் தண்ணித்தொட்டி பக்கத்துல சோலார் விளக்கு ஒண்ணு இருக்கே, அதன் தலையில் இருக்கும் நீலப் பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் சோலார் பேனல். கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நினைத்தேன். "இது இவ்வளவு மலிவா வந்ததுக்கு ஒரு காலேஜ் வாத்தியாரும் அவர் பிள்ளைகளும் பெரிய காரணம்"னு அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயர் மார்ட்டின் கிரீன். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 1948-இல் பிறந்தார். அங்கேயே என்ஜினீயரிங் படித்து, கனடா போய் முனைவர் பட்டம் வாங்கினார். அது நம்ம பரீட்சை மாதிரி கிடையாது. இதுவரை யாரும் கண்டுபிடிக்காத ஒன்றைத் தானே ஆராய்ந்து எழுதிக் காட்டணும். நாலைந்து வருஷம்கூட ஆகும். 1974-இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1973-இல்தான் உலகம் முழுக்கப் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியிருந்தது. அவர் சூரிய ஒளிப் பக்கம் போனார். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அதே பல்கலைக்கழகம், அதே ஆராய்ச்சி!

பேராசிரியர் என்றால் பாடம் நடத்துறவர் என்று நினைக்கிறோம். அது பாதி வேலைதான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதணும். கண்டுபிடித்ததை ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பணும். வேறு விஞ்ஞானிகள் படித்துத் தப்பு பார்த்த பிறகுதான் அச்சாகும். நம்ம நோட்டை டீச்சர் திருத்துற மாதிரி அவங்க நோட்டையும் திருத்த ஆள் இருக்கு. (எனக்கு இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷம்.)

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். சோலார் செல் மேல் 100 பங்கு வெயில் விழுந்தால் 100 பங்கும் மின்சாரம் ஆகாது. சிலிக்கான் செல்லுக்கு 29 பங்குதான் எல்லை. கிரீன் குழு 1985-இல் 20 பங்கைத் தொட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பங்குக்கும் போராட்டம்.

ஏன் குறைகிறது? வாய்க்காலில் தண்ணி விட்டால் வயலுக்குப் போறதுக்குள்ள மண்ணே பாதி குடிச்சிடும் இல்லையா? செல்லின் பின்பக்கம் முழுக்க உலோகம் பூசியிருப்பார்கள். அங்கே போன எலக்ட்ரான்கள் வெளியே வராமல் அங்கேயே வீணாகும். கிரீனும் மாணவர்களும் நடுவில் ஒரு மெல்லிய படலம் வைத்து, உலோகம் தொடுவதற்குச் சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விட்டார்கள். வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசி, வேணும்கிற இடத்தில் மட்டும் மடை வைத்த மாதிரி. உள்ளே தங்காமல் பின்னால் போன வெளிச்சமும் திரும்பி உள்ளே வந்தது. இதற்கு 'பெர்க்' செல் என்று பெயர். 1989-இல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானது. 2008-இல் 25 பங்கு என்று கணக்கானது.

ஆனால் தொழிற்சாலைகள் இதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது 2012-க்குப் பிறகுதான். இருபது வருஷத்துக்கு மேல் காத்திருக்கணும்னா நான் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன். 2020 வாக்கில் உலகத்தில் செய்த பேனல்களில் பெரும்பாலானவை பெர்க் வகைதான். இப்போது அதையும் தாண்டி டாப்கான் என்ற புது வகை வந்துவிட்டது.

அவர் மாணவர் ஒருவர் ஷி ஜெங்ராங். சீனாவில் இருந்து வந்து படித்தவர். ஊருக்குத் திரும்பி 2001-இல் சன்டெக் என்ற கம்பெனி தொடங்கினார். அது பெரிதாக வளர்ந்தது. 2013-இல் கடனில் மூழ்கியும் போனது. ஆனால் அதற்குள் சீனாவில் நிறையப் பேர் பேனல் செய்யக் கற்றுக்கொண்டார்கள், விலை இறங்கியது. 2023-இல் கிரீனுக்கு இங்கிலாந்தின் ராணி எலிசபெத் என்ஜினீயரிங் பரிசு கிடைத்தது. அவருக்கு மட்டும் இல்லை, அவரிடம் படித்த ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஜியான்ஹுவா ஜாவோ, ஐஹுவா வாங் மூணு பேருக்கும் சேர்த்துத்தான். இதில் ஐஹுவா வாங் பெண் என்ஜினீயர். இதை நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா, "இருபத்தேழு வயசு வரைக்கும் படிச்சா யாரு பணம் கட்டுறது?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு நாம பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டாமாம். நெட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால் நமக்குத்தான் மாசா மாசம் பணம் தருவார்கள். 2023-இல் இருந்து அது 37,000 ரூபாய்! கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தாலும் மாசம் 12,400 உதவித்தொகை உண்டு. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் பி.இ.க்குத்தான் வழி பார்க்கணும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதைத் தாள்ல எழுதிக் குடு, அப்பா வந்ததும் காட்டுறேன்"னாங்க. அதனால இந்தக் கட்டுரையை நான் ரெண்டு தாளில் எழுதினேன். ஒண்ணு இங்கே இருக்கு. இன்னொண்ணு எங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல ஒட்டியிருக்கு.