ஓர்ட்ரூஃபில் பாக்

யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750) புகழ்பெற்ற செருமானிய இசையமைப்பாளர் ஆவார். பெற்றோரை இழந்த இவர், 1695 முதல் 1700 வரை ஓர்ட்ரூஃப் என்னும் சிற்றூரில் மூத்த அண்ணன் யோகான் கிறித்தோப்பின் வீட்டில் வளர்ந்தார். இவரது இசைக்கல்விக்கு இங்கேயே அடித்தளம் இடப்பட்டது.

பின்னணி

பாக், ஐசனாக் நகரில் எட்டுப் பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். தாயார் 1694 மே மாதத்திலும், நகர இசைக்கலைஞரான தந்தையார் 1695 பெப்ரவரியிலும் காலமாயினர். பத்து வயதை எட்டும் நிலையிலிருந்த செபாஸ்தியனும் 13 வயதுத் தமையன் யாக்கோபும் ஓர்ட்ரூஃபுக்கு அனுப்பப்பட்டனர்.

அண்ணனின் வீடு

அப்போது கிறித்தோப்புக்கு வயது 23. இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் மாணவரான அவர், அவ்வூர்த் தேவாலயத்தில் ஆர்கன் இசைத்து வந்தார். அவருக்கு மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டில் முதல் குழந்தையும் பிறந்தது. யாக்கோபு 1696 இல் இசைத்தொழில் பழக ஐசனாக் திரும்பினார். செபாஸ்தியன் உள்ளூர்ப் பள்ளியில் இலத்தீன் முதலியன பயின்றதோடு, பாடகர் குழுவில் பாடிச் சிறிது பொருளும் ஈட்டினார். விசைப்பலகை வாசிப்பை அண்ணனே கற்பித்தார்.

நிலவொளிக் கதை

பாக்கின் மகனும் மாணவர் ஒருவரும் எழுதி 1754 இல் வெளியான இரங்கற்கட்டுரை பின்வரும் நிகழ்வைக் கூறுகிறது. அண்ணன் ஓர் இசைச்சுவடியைச் சிறுவனுக்குத் தர மறுத்துக் கம்பிக் கதவுள்ள அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். சிறுவன் கம்பிகளின் ஊடே கைவிட்டு அதை எடுத்து, ஆறு மாதங்கள் நிலவொளியில் படியெடுத்தான். இதை அறிந்த அண்ணன் அப்படியைப் பறித்துக்கொண்டார்.

இக்கதையை மட்டும் கொண்டு கிறித்தோப்பைக் கடுமையானவர் என முடிவு செய்தல் பொருந்தாது. பாக் ஏறத்தாழ 13 வயதில் படியெடுத்த புக்ஸ்டெகூடவின் கடினமான ஆர்கன் இசையொன்று வைமார் நகர நூலகத்தில் கண்டறியப்பட்டு 2006 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வயதிலேயே உயர்ந்த இசைநூல்கள் அவருக்குக் கிடைத்தன என்பதை இது காட்டுகிறது.

பிரிவும் பின்னாளும்

இலவச உணவும் உறைவிடமும் இல்லாமற் போனதால் 1700 மார்ச்சில், 15 வயது நிறையும் தறுவாயில், பாக் ஓர்ட்ரூஃபை விட்டு நீங்கினார். வடக்கே தொலைவிலுள்ள லூனபுர்க் நகரப் பள்ளியில் பாடகர் குழு மாணவராகச் சேர்ந்தார்.

எனினும் உறவு முறியவில்லை. பாக் தாம் இயற்றிய கப்ரிச்சியோ ஒன்றை அண்ணனைப் போற்றும் வகையில் அமைத்தார். கிறித்தோப்பின் மகன் பெர்னார்டைத் தம்மிடம் வரவழைத்துப் பயிற்றுவித்தார். கிறித்தோப்பு 1721 இல் காலமானபின் பெர்னார்டே தந்தையின் பணியை ஏற்றார். தம்பியின் படியைப் பறித்த அதே அண்ணன், பின்னாளில் தம்பியின் இளமைக்கால ஆக்கங்களைத் தம் கையாலேயே படியெடுத்து வைத்தார். அவற்றுட் பல இன்று கிடைப்பதற்கு அச்சுவடிகளே காரணமாகும்.