பேச்சுக் குமிழுக்குள் ஒரு கணக்கு

சித்திரக்கதைப் புத்தகத்தைப் பிரித்ததும் முதலில் உங்கள் கண்ணில் படுவது எது? படத்தின்மேல் வெள்ளை வெளேரென்று மிதக்கும் பேச்சுக் குமிழ்கள்தாமே! குமிழின் வயிற்றில் வசனம் இருக்கும். அதன் வால் பேசுபவர் வாயை நோக்கி நீண்டிருக்கும். பேசுவது யார் என்று தனியே எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இது மிகப் பழைய கருத்து. மெக்சிகோவிலுள்ள தேயோத்திவாக்கான் என்னும் தொன்மையான நகரின் சுவரோவியங்களில், பேசுவோர் வாயிலிருந்து சுருள் ஒன்று புறப்படுவதைக் காணலாம். 1896ஆம் ஆண்டில் ரிச்சர்ட் அவுட்கால்ட் என்னும் ஓவியர், நியூயார்க் செய்தித்தாளில் வெளியான தம் ‘மஞ்சள் பையன்’ படங்களில் குமிழ் வசனத்தைக் கையாண்டார். அதன்பின் சித்திரக்கதைகளில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியது.

அன்று தூரிகையும் மையும் செய்த வேலையை இன்று கணிப்பொறி செய்கிறது. 1996இல் வெளிவந்த ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் கொண்டு நாமும் ஒரு குமிழ் செய்து பார்ப்போமா?

குறுக்கே விழும் கோடு

முதலில் ஒரு நீள்வட்டம் வரைகிறீர்கள். வெள்ளை நிரப்பி, சுற்றிலும் கறுப்புக் கோடு இடுகிறீர்கள். பிறகு வாலுக்காக ஒரு முக்கோணம் வரைந்து அதற்கும் கோடு இடுகிறீர்கள். ஆனால் இது என்ன? வால் குமிழோடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டதே! குமிழ் வேறு, வால் வேறு என்று தனித்தனியே நிற்கின்றன.

நம் கண் இரண்டையும் ஒரே உருவமாகக் காண விரும்புகிறது. கணிப்பொறிக்கோ குமிழ் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகளும் எண்களுமே. ஆகவே அதற்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழி உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆம், கணங்கள் பற்றிய பாடந்தான்!

கணிப்பொறித் திரையிலுள்ள படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. நீள்வட்டத்துக்குள் அடங்கும் புள்ளிகள் யாவும் ஒரு கணம். முக்கோணத்துக்குள் அடங்குபவை இன்னொரு கணம். கிம்ப்பில் நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுத்தபின், ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு முக்கோணத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் இரண்டின் சேர்ப்புக் கணம் கிடைக்கிறது. முக்கோணத்தின் அடிப்பகுதி நீள்வட்டத்துக்குள் சற்றே புகுந்திருக்கட்டும். இரண்டுக்கும் பொதுவான புள்ளிகள் ஒரு முறையே கணக்கில் வரும். நடுவில் எல்லை ஏது? கோடும் இல்லை!

கோடு பிறக்கும் விதம்

இப்போது இந்தச் சேர்ப்புக் கணம் முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள். பின்னர் தேர்வை எல்லாப் பக்கமும் 4 புள்ளி அளவு சுருக்கி, உள்ளே வெள்ளை நிரப்புங்கள். ஓரத்தில் எஞ்சும் கறுப்பு வளையமே குமிழின் கோடு. பெரிய கணத்திலிருந்து சிறிய கணத்தை நீக்கினால் கிடைக்கும் கண வித்தியாசம் அது.

வாலின் நுனியை உற்றுப் பாருங்கள். அங்கு மட்டும் வெள்ளை நுழையாமல் முழுக் கறுப்பாக இருக்கும். காரணம் எளிது. இரு பக்கமும் 4 புள்ளி குறைந்தால் மொத்தம் 8 புள்ளி குறையும். அதைவிட மெலிந்த இடத்தில் மிச்சம் எதுவும் இராது அல்லவா?

வரிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள். முதலில் சேர்ப்பு, பிறகு கோடு. மாற்றிச் செய்தால் பழைய குறுக்குக் கோடு திரும்ப வந்துவிடும்.

ஏன் தனி அடுக்கு?

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் கறுப்பு. 255 என்றால் வெள்ளை. குமிழை நேராகப் படத்தின்மேல் வரைந்தால், அங்கிருந்த எண்கள் அழிந்து 255 எழுதப்படும். குமிழைச் சற்று நகர்த்தலாம் என்று பிறகு தோன்றினால் என்ன செய்வது? அடியில் இருந்த முகம் போனது போனதுதான்!

எனவே குமிழுக்கென்று ஒளி ஊடுருவும் தனி அடுக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். படத்தின்மேல் கண்ணாடித் தாளை வைத்து வரைவது போன்றது இது. கீழே உள்ள எண்கள் அப்படியே பத்திரமாக இருக்கும். 

ஓரப் புள்ளி ஒன்றைக் கோடு பாதி மட்டும் மறைத்தால்? கணிப்பொறி இரண்டையும் கலக்கிறது. கோட்டின் எண் 0, படத்தின் எண் 180 என்றால், இரண்டிலும் பாதி பாதி சேர்த்து 90 என்னும் சாம்பல் நிறத்தை இடுகிறது. வளைவு படிக்கட்டுப் போலத் தோன்றாமல் வழவழப்பாகத் தெரிவதன் இரகசியம் இதுதான்.

வசனமே முதலில்

குமிழை வரைந்துவிட்டு வசனத்தைத் திணிக்காதீர்கள். வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழ் அமைப்பதே நல்லது. ஜப்பானியச் சித்திரக்கதைகளில் எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் குமிழ்கள் உயரமாக இருக்கும். தமிழிலோ ‘பேசிக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல்! ஆகவே குமிழ் அகலமாக இருக்க வேண்டும். மேலும், ‘கி’யின் கொக்கி மேலே வளைகிறது, ‘கு’வின் சுழி கீழே இறங்குகிறது. அவை ஒன்றோடொன்று முட்டாதபடி வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லையே என்று வருந்த வேண்டாம். ஒரு வரைபடத்தாள் போதும். மையத்திலிருந்து இடமும் வலமும் 20 கட்டம், மேலும் கீழும் 10 கட்டம் தள்ளிப் புள்ளி வையுங்கள். பக்கவாட்டில் 16, செங்குத்தில் 6 என்ற புள்ளியையும், 12, 8 என்ற புள்ளியையும் நான்கு காற்பகுதிகளிலும் குறியுங்கள். மொத்தம் 12 புள்ளிகள். இணைத்தால் நீள்வட்டம்!

ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாராமலே அறியலாம். பக்கவாட்டுத் தொலைவை 20ஆலும், செங்குத்துத் தொலைவை 10ஆலும் வகுத்து, ஈவுகளின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். விடை 1 என்றால் புள்ளி கோட்டின்மேல் உள்ளது. குறைந்தால் உள்ளே, மிகுந்தால் வெளியே. 12, 6 என்ற புள்ளிக்கு விடை 0.72, எனவே அது உள்ளே. 16, 8 என்ற புள்ளி எங்கே இருக்கும்? கணக்கிட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்!