எடை குறைந்த பின் சீபாப் கருவியை நிறுத்தலாமா?

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சில மாதங்களில் எங்களிடம் கேட்கும் கேள்வி இது: “குறட்டை நின்றுவிட்டது, இனி இரவில் சீபாப் கருவி தேவையா?”

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடையில், உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு அப்பாதையை மேலும் குறுக்குகிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரல் விரிவதைத் தடுக்கிறது. இவ்வாறு மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு 5 முறைக்குக் கீழ் இருப்பது இயல்பு. 15 முதல் 30 வரை மிதமான நோய். அதற்கு மேல் கடுமையான நோய்.

அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறையக் குறைய இக்கொழுப்பும் கரைகிறது, மூச்சுப்பாதை விரிகிறது. 342 நோயாளிகளைக் கொண்ட 12 ஆய்வுகளைத் தொகுத்து 2009ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையின்படி, மூச்சுத்தடை சராசரியாக மணிக்கு 54.7 முறையிலிருந்து 15.8 ஆகக் குறைந்தது. இது பெரும் நன்மையே. எனினும் 15.8 என்பதும் மிதமான நோய்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தாடையின் அமைப்பு, வயது போன்ற காரணங்களை அறுவை சிகிச்சை மாற்றுவதில்லை. ஆகவே குறட்டை ஓய்ந்தாலும் நோய் எஞ்சியிருக்கக்கூடும்.

எனவே நாங்கள் வலியுறுத்துவன:

அறுவை சிகிச்சைக்கு வரும்போது உங்கள் சீபாப் கருவியை உடன் கொண்டுவாருங்கள். மயக்க மருந்தும் சில வலி நிவாரணிகளும் மூச்சுத்தடையை மிகுவிக்கும். முதல் சில இரவுகளில் அக்கருவி இன்றியமையாதது.

வீடு திரும்பிய பின்னும் அதனைத் தாமாக நிறுத்தாதீர்கள். முகம் மெலிவதால் முகமூடி தளரலாம். காற்றழுத்தம் தேவைக்கு மிகுதியாகலாம். கருவி தொல்லை தருகிறது என்று ஒதுக்கிவைக்காமல் எங்களிடம் வாருங்கள், இரண்டையும் சரிசெய்யலாம்.

எடை நிலைபெற்றதும் மீண்டும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவியை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அம்முடிவைக் கொண்டே மருத்துவர் தீர்மானிப்பார்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். உறக்கத்தில் மூச்சு நிற்பதை நோயாளி அறியார். அருகில் இருக்கும் நீங்களே அறிவீர்கள். மூச்சு நின்று திணறுதல், பகலில் கண்ணயர்தல், காலைத் தலைவலி, மீண்டும் எடை கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் தெரிவியுங்கள். பகலில் உறக்கம் மிகும் நாள்களில் அவர் வாகனம் ஓட்டாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.