பழைய ஜன்னலைப் பெயர்க்கும் முன்

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்கிறது, கோடையில் அறை கொதிக்கிறது, நிலையின் அடி உளுத்துப்போகிறது. பழைய மர ஜன்னலைப் பற்றிய இந்த மூன்று குறைகளுக்கும் ஒரே மருந்தாக, அதைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் பொருத்துவது நம் நகரங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் பழுது பார்ப்பதே சரியான முடிவு.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்டால் சுருங்கும். ஐப்பசியில் இறுகிய கதவை அப்போதே இழைத்துவிட்டால் சித்திரையில் இடுக்கு விழும். காய்ந்த பருவத்தில் அளவாக இழைத்து, ஈரம் வேகமாக ஏறும் வெட்டுமுனைகளுக்கு மறக்காமல் வர்ணம் பூசினால் போதும். உளுப்பு வேறு கதை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை அரிக்கும் பூஞ்சை வளராது; எனவே தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதுதான் கேள்வி. மரத்தை அரிக்கும் இன்னொன்று கறையான்; வைரம் பாய்ந்த தேக்கில் அதை விரட்டும் இயற்கை வேதிப்பொருட்கள் உண்டு. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறில் அந்தக் காப்பு இல்லை. திருப்புளியால் நிலையின் அடியில் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கினால் அந்த இடத்தை வெட்டி நல்ல மரத்தை ஒட்டவைக்கலாம். நிலை நெடுகப் பொசபொசவென்று இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வெப்பத்துக்கு வருவோம். வெளியே உள்ளதைவிட அறை 10 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், ஒற்றைக் கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 வாட் வெப்பம் கடந்து வரும். மாலை வெயில் நேராக விழும் மேற்குக் கண்ணாடியிலோ சில நூறு வாட் கொட்டும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்பது இந்தக் கணக்கில் அற்பம். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதை மறிக்க வேண்டும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டி, உள்ளே போடும் திரைச்சீலையைவிட நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடுகளுக்காக மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள், கீலில் திறக்கும் ஜன்னலின் பரப்பில் 90 சதவீதத்தைக் காற்றுவழியாகக் கொள்கின்றன. இரண்டு கதவு உள்ள ஸ்லைடிங் ஜன்னலுக்கு 50 சதவீதம்தான். பழைய கீல் ஜன்னலைப் பெயர்த்து ஸ்லைடிங் வைத்தால், சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இது பெரிய இழப்பு. புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றாலும் கீலில் திறப்பதையே கேட்டு வாங்குங்கள்.

யுபிவிசிக்கு வர்ணம் வேண்டாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் ரப்பர் பட்டையும் உருளையும் தேயும். அதே வார்ப்பு கிடைக்காவிட்டால் சட்டத்தில் ஒட்டுப்போடவும் வழியில்லை. வலுவான எதிர்வாதம் இரைச்சல்தான். பேருந்து ஓடும் சாலையை ஒட்டிய படுக்கையறைக்கு, இடுக்கில்லாமல் மூடும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் தரும் அமைதியைப் பழைய ஜன்னல் தராது. அங்கே மாற்றுவதில் நியாயம் உண்டு. அதற்காக வீட்டின் எல்லா ஜன்னலையும் பெயர்க்க வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதாக முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம்; அதைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.