கல்லுப்பு கேட்டு வருபவருக்கு ஒரு சொல்

பொம்மையார்பாளையம் போன்ற நம் கடலோர ஊர்களில், "வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கிறேன், இரண்டு கிலோ கல்லுப்பு கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் நாம் விற்கும் சோற்றுப்பு நூற்றுக்குச் சுமார் 78 பங்குதான். மீதி மக்னீசியம், கால்சியம் முதலியன. மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்பே கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசி நீரோடு போய்விடும். ஆகவே கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது, மீன் மடியும். தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பு வேண்டும்.

வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும்.

பவளப்பாறை வைக்கலாமா? கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளமும் கடற்குதிரையும் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பாறையும், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனும் போதும். அம்மீனை மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்துக் காட்டியுள்ளனர்.

இரண்டு கிலோ உப்பு விற்காமல் போனால் நமக்கு நஷ்டம் சில ரூபாய். உண்மையைச் சொன்ன கடைக்கு வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.